ஒன்பதாவது வரியின் சிவப்பு

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு நன்றி சொல்ல எந்த மொழியிலும் வார்த்தை கிடையாது. ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று நாலு மொழி புழங்குகிறது, நாலிலும் கிடையாது. கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வெள்ளை எழுத்தை முறைத்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கான்வென்ட்டில் படித்து வளர்ந்ததால் திட்டுவதற்கு எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தை 'நான்சென்ஸ்'தான். கீழே நான் நிதானமாகப் பேசுவது போலத் தெரியும் இடங்களில் எல்லாம் உங்கள் ஊர் வார்த்தை எதையாவது போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

பதினாலு வரி

சிப்காட்டில், அலுமினியம் வார்த்துப் பெயின்ட் அடித்து அனுப்புகிற கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை எனக்கு. சர்வர், நெட்வொர்க், பிரின்டர் எல்லாம் என் தலையில். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும்போது மகளையும் கூடவே கொண்டுபோனேன். வீட்டுக்காரருக்கு வேறு கம்பெனியில் ஷிப்ட்; பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. கம்பெனிக்குள்ளேயே 'கிரெச்' என்று போர்டு மாட்டிய அறை இருக்கிறது. முன்பு பழைய சாமான் போட்டுவைத்த ஸ்டோர் அது. அதன் பின்சுவரை ஒட்டி ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம், பெயின்ட் ஓவனுக்குப் போகிற கேஸ் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கின்றன. இடத்தை மாற்றச் சொல்லி எச்.ஆருக்கு மூன்று மெயில் போட்டேன். 'வேறு இடம் இல்லை' என்று மூன்றுக்கும் ஒரே பதில், எழுத்து மாறாமல்.

ஆலை முழுக்கப் பதினாலு கேஸ் சென்சார். எண் இருபதைத் தாண்டினால் ஆபத்து. அலறுவதற்கு என்று ஒரு ஹூட்டர் இருந்தது. தின்னர் வாசனைக்கெல்லாம் கத்துகிறது என்று அதன் வயரைப் பிடுங்கிவிட்டு 'ரிப்பேர்' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது, சென்சார் எண்களைத் திரைக்கு அனுப்ப நான் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் மட்டும்தான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, சேஃப்டி மேஜையில் உள்ள திரையில் அது பதினாலு வரி எழுதும். சந்தில் இருக்கும் சென்சார்தான் ஒன்பதாவது வரி.

வேலைக்குத் திரும்பிய வாரம் பழைய பதிவுகளைப் புரட்டினேன். முந்தின நாள் மத்தியானம் ஒன்பதாவது வரி நாற்பது நிமிஷம் இருபதுக்கு மேல் நின்றிருக்கிறது. அந்த நாற்பது நிமிஷமும் என் மகள் சுவருக்கு இந்தப் பக்கம் தூங்கியிருக்கிறாள். சேஃப்டி மேஜைக்குப் போய், ஷிப்ட் பார்க்கும் முனிராஜ் அண்ணனிடம் கேட்டேன், இதை யாருமே பார்க்கவில்லையா என்று. அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. "வெள்ளையா பதினாலு வரி ஓடிட்டே இருக்குது மேடம், எதனு படிக்கிறது? படிக்கிற ஆளா இருந்தா நான் என்னாத்துக்கு ஐடிஐ போறேன்?"

மூடாத சிவப்பு

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என் கோபத்தை இன்னும் கிளறியது. சரி, படிக்க வேண்டாம், பார்த்தால் போதும் என்று ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். உங்களுக்கே தெரியும்: எழுத்துக்கு முன்னால் `\033[31m` என்று போட்டால் அங்கிருந்து சிவப்பு, பின்னால் `\033[0m` போட்டால் பழைய நிறம். திறந்த குழாயை மூடுகிற மாதிரிதான். இருபதைத் தாண்டும் வரிக்குத் திறந்துவிட்டேன். மூட மறந்துவிட்டேன்.

முதல் நாளே மூன்றாவது சென்சார் ஒரு நிமிஷம் இருபத்தொன்றைத் தொட்டது. மூன்றாவது வரி சிவப்பானது. மூடாததால் அதற்குக் கீழே இருந்த எல்லா வரியும் சிவப்பு, அடுத்த சுற்றில் திரை முழுக்கச் சிவப்பு. முனிராஜ் அண்ணன் செய்ய வேண்டியதைச் செய்தார்: ஓடிப்போய் மெயின் வால்வை மூடினார், பெயின்ட் லைன் நின்றது, ஓவன் ஆறிப்போனது. அத்தனை வருஷத்தில் அந்தத் திரையைப் பார்த்து ஒருவர் எழுந்து ஓடியது அதுதான் முதல் தடவை. அதற்காக அவரை நிற்கவைத்துத் திட்டினார்கள். நான் போய் என் தப்பு என்றேன்; அவரை விட்டுவிட்டு என்னைத் திட்டினார்கள்.

அன்றைக்கே மூடும் குறியீட்டைச் சேர்த்தேன். நல்ல வரிக்குப் பச்சை, பத்தைத் தாண்டினால் மஞ்சள், இருபதுக்கு மேல் சிவப்பு. அந்த மேஜைத் திரை சின்னது. வரி மடிந்து மடிந்து கீழே போனது. எண்ணுக்குப் பக்கத்தில் 'ஓகே', 'ஆபத்து' என்று இருந்த வார்த்தைகளை வெட்டி எறிந்தேன். நிறம்தான் இருக்கிறதே, வார்த்தை எதற்கு என்று நினைத்தேன். அந்த வெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து புதுத் திரையைப் பார்த்தார். "மஞ்சள், சிவப்பு, பச்சை எல்லாம் எதுக்கும்மா? நீ என்ன கல்யாணப் பத்திரிகையா அடிக்கிற?"

பொட்டு

ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் கழித்து சேஃப்டி மேஜைப் பக்கம் போனேன். திரையில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். லேத்துக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் வைப்பது போலவே. சந்தோஷம்தான், கம்ப்யூட்டரையும் ஆயுதம் என்று மதித்திருக்கிறார்கள். ஆனால் பெருவிரல் அகலப் பொட்டு, சரியாக ஒன்பதாவது வரியின் எண் மேல், காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக என் மகளுக்கும் அந்த சிலிண்டர்களுக்கும் நடுவில் காவல் இருந்தது அந்தக் குங்குமம்தான். துப்பட்டா நுனியை நனைத்துத் துடைக்கப் போனபோது பக்கத்தில் இருந்த பெயின்ட் ஷாப் ஆபரேட்டர் என் கையைப் பிடிக்காத குறை. "பொட்ட அழிக்காதீங்க மேடம், வெச்சதுலருந்து ஒண்ணும் ஆகலீல்ல?"

முப்பத்தொரு மீட்டர்

பிளான்ட் ஹெட் கொஞ்சம் படித்தவர், அவராவது பார்ப்பார் என்று, அந்தத் திரையில் வருவதை அப்படியே ஒரு கோப்பில் சேர்த்துத் தினமும் காலையில் அவருக்கு மெயில் போக ஏற்பாடு செய்தேன். திரைக்குத்தான் அந்தக் குறியீடு நிறமாகத் தெரியும், கோப்புக்குத் தெரியாது. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் `[31m`, பச்சைக்கு `[32m`, ஒவ்வொரு வரி முடிவிலும் `[0m` என்று போயிருக்கிறது. எழுத்து போகும் இடம் திரைதானா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் நிறம் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரே வரி வேலை. மகளுக்குக் காய்ச்சல் இருந்த வாரம், விட்டுப்போனது.

ஒன்றரை வாரம் அவர் எதுவும் சொல்லவில்லை. படிக்கிறார் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். பிறகு கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் என் மெயிலின் பிரின்ட், அங்கங்கே பென்சிலால் வட்டம். ஒன்பதாவது வரி மூன்று தடவை இருபதைத் தாண்டியிருந்தது. அந்த எண்ணுக்கு வட்டம் இல்லை. முப்பது வருஷம் அளந்தே வாழ்ந்த மனிதர், அவர் கண்ணுக்கு எது பட்டதோ அதற்கு வட்டம் போட்டிருந்தார். "இதென்னம்மா, கேஸ் முப்பத்தொரு மீட்டர் போகுது, முப்பத்திரண்டு மீட்டர் போகுது, கடைசியில ஜீரோ மீட்டர்ல நிக்குது? டேப் வெச்சு யாரு அளந்தாங்க?"

ஒரே ஒரு எண்

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விஷயம். ஷாப் ஃப்ளோரில் தரமில்லை என்று கழித்த பாகங்களைப் போட்ட தொட்டிக்குச் சிவப்பு அட்டை கட்டுவார்கள். சிவப்பு அட்டை என்றால் அந்த ஷிப்டுக்குத் திட்டு. அதனால், சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர் வந்து சோதிக்கும் கஸ்டமர் ஆடிட்டுக்கு முந்தின நாள் சிவப்பு அட்டைத் தொட்டிகள் எல்லாம் ட்ராலி ஏறி எங்கேயோ போய்விடும். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஆடிட்டர் போனதும் திரும்பி வந்துவிடும். இந்தப் பக்கக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

இந்தத் தடவை அந்தப் பழக்கம் என் திரைக்கும் வந்தது. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் ஒன்பதாவது வரி ஐந்து நிமிஷம் சிவப்பாகி அடங்கும். ஆடிட்டர் நடக்கும் வழியில் சேஃப்டி மேஜை. சிவப்பே தெரியக் கூடாது என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர். சாரி சார், அது கசிவைக் காட்டுவது என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. ரெண்டே நாள்தானே என்றார். என் கான்ட்ராக்ட் ரினியூவல் ஃபைல் அவர் மேஜையில்தான் இருக்கிறதாம், அதையும் ரெண்டு நாளில் பார்த்துவிடுகிறாராம். வேலை போனால் கிரெச்சும் இல்லை, சம்பளமும் இல்லை. வேலை இருந்தால் கிரெச், அந்தச் சுவர். எதைப் பிடித்தாலும் என் மகளின் கழுத்துதான் கையில் வந்தது.

முப்பத்தொன்றை முப்பத்திரண்டாக மாற்றினேன். ஒரே ஒரு எண். சிவப்பு என்று எழுதிய இடத்தில் இனி பச்சை வரும். அதற்கு மேலே, # போட்டு, ஸ்கிரிப்ட்டில் குறிப்பு எழுதுவோமே, அப்படி ஒரு வரி எழுதினேன்: 'புரொடக்‌ஷன் மேனேஜர் சொன்னபடி, ஆடிட் முடியும் வரை.' அவ்வளவுதான் என்னால் முடிந்த வீரம். என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, பதினாலு பச்சை வரி வந்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, இப்ப எவ்வளவு நல்லா இருக்குது."

பிளான்ட் டூர்

இரண்டாம் நாள், காலை பதினொரு மணி. என் அறையில் அதே பதினாலு வரியை ஒரு ஜன்னலில் திறந்து வைத்து, நிறத்தை விட்டுவிட்டு ஒன்பதாவது எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு. பதினொன்று, மஞ்சள். அடுத்தது இருபத்து மூன்று, பளிச்சென்று பச்சை. போனில் முனிராஜ் அண்ணனைக் கூப்பிட்டேன். "பச்சையாத்தான இருக்குது மேடம்" என்றார். படிக்க வேண்டாம், கலரைப் பாருங்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான். "அண்ணா, கலரை விடுங்க. ஒன்பதாவது நம்பரைப் படிங்க" என்றேன். "இருவத்திமூணு" என்றார். போனைக் கீழே போடும் சத்தம் கேட்டது. வால்வுக்கு அவர் ஓடினார், கிரெச்சுக்கு நான் ஓடினேன்.

கிரெச் ஆயா ரத்னம்மா ஜவளகிரிக்காரர். நான் போவதற்குள்ளேயே பின்கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரத்துக்கு என்று வைத்த கதவு அது. "வாசம் வருது பாப்பா, பாகலு தெரியவே மாட்டேங்குது" என்றார், பாதி கன்னடத்தில்; கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சந்து முழுக்கத் தொட்டிகள், கதவை அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் சிவப்பு அட்டை. எங்கே போகின்றன என்று யாரும் கேட்காத தொட்டிகள். கடைசித் தொட்டி கேஸ் ஹோஸின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

மிச்சம் முன்வாசல்தான், அது ஷாப் ஃப்ளோருக்குள் திறக்கும். குழந்தைகள் பதினொரு பேர். கைக்குழந்தைகள் நாலு, தூக்கிக்கொண்டது நான் இரண்டு, ரத்னம்மா இரண்டு. என் மகள் என் இடது தோளில். நடக்கத் தெரிந்த ஏழு பேரும் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், வெறுங்காலோடு, ஒருவன் ஜட்டியோடு. பெயின்ட் லைன் பக்கம் திரும்பினால் நேர் எதிரே ஆடிட்டர், பக்கத்தில் பிளான்ட் ஹெட், புரொடக்‌ஷன் மேனேஜர், எல்லோரும் ஹெல்மெட்டில். இவர்கள் யார் என்று ஆடிட்டர் கேட்டார். என் வாயில் மூச்சுதான் இருந்தது, வார்த்தை இல்லை. மேனேஜருக்கு இருந்தது. "பிளான்ட் டூர் சார். எம்ப்ளாயீஸ் பசங்களுக்கு அப்பப்ப சுத்திக்காட்டுவோம்."

மெஷின் படிக்காத வரி

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முனிராஜ் அண்ணன் வால்வை மூடியதும் எண் இறங்கிவிட்டது. லைன் நின்றதற்கு 'பவர் ட்ரிப்' என்று ஆடிட்டருக்குச் சொன்னார்கள். நான் குழந்தைகளைக் கேன்டீனில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்து முதல் வேலையாக முப்பத்திரண்டை முப்பத்தொன்றாக்கினேன். யாரையும் கேட்கவில்லை. வெட்டி எறிந்த வார்த்தைகளையும் திரும்பப் போட்டேன். வரி மடிந்தால் மடியட்டும்.

சாயங்காலம் பிளான்ட் ஹெட் ஸ்கிரிப்ட்டின் பிரின்ட் கேட்டார் என்று தெரிந்ததும் மேனேஜர் என்னிடம் வந்தார். அந்தக் # போட்ட வரியைப் பற்றி எப்படியோ தெரிந்திருக்கிறது. மெஷின் அந்த வரியைப் படிக்குமா என்று கேட்டார். படிக்காது சார், தாண்டிப் போய்விடும், மனுஷங்க படிக்கத்தான் எழுதுவோம் என்றேன். அப்படியானால் எடுத்துவிடு என்றார். "எடுக்க மாட்டேன் சார்" என்றேன். கான்வென்ட் சிஸ்டரிடம்கூட அப்படிப் பேசியதில்லை.

பிளான்ட் ஹெட் அறையில் மூன்று பேரும் நின்றோம். பிரின்ட்டை அவர் விரல் வைத்துப் படித்தார். விரல் இறங்கி, மேனேஜரைச் சொல்லும் அந்த வரியில் வந்து நின்றது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். விரல் அடுத்த வரிக்குப் போனது, சிவப்பின் குறியீடு இருக்கும் வரிக்கு. பிளான்ட் ஹெட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இந்த முப்பத்தொரு மீட்டரை இன்னும் நீ எடுக்கலையாம்மா?"

பதினொரு பேர்

ஆடிட் ரிப்போர்ட் வந்தது. கேஸ் இல்லை. தொட்டி இல்லை. அடைத்த கதவு இல்லை. பெரிய குறை என்று ஒன்றே ஒன்றுதான் எழுதியிருந்தார்: 'உற்பத்திப் பகுதியில் பாதுகாப்புக் காலணி இல்லாமல் பதினொரு நபர்கள்.' அதில் நாலு நபர்கள் இடுப்பிலும் தோளிலும் இருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அந்த நாலில் ஒன்று என் மகள். பத்து மாத வயதில் ஒரு கம்பெனியின் தரக் குறைபாடாகப் பதிவானவள் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

கஸ்டமர் எழுதியதற்குப் பதில் போட்டாக வேண்டும். மூன்று மெயிலுக்கு அசையாத கிரெச் ஒரே வாரத்தில் முன் கேட்டுக்குப் பக்கத்தில், விசிட்டர்களுக்கு ஹெல்மெட்டும் ஷூவும் கொடுத்துக்கொண்டிருந்த அறைக்கு வந்துவிட்டது. ஜன்னல் இருக்கிறது, வேப்பமரம் தெரிகிறது, பக்கத்தில் ஒரு சிலிண்டர்கூட இல்லை. ஹூட்டர் இன்னும் ரிப்பேரில்தான் இருக்கிறது. முனிராஜ் அண்ணன் இப்போது எண்ணையும் படிக்கிறார், வாய்விட்டு. என் ரினியூவல் ஃபைல் இன்னும் மேனேஜர் மேஜையில். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன். அறையை மாற்றிக் கொடுத்ததற்கு எச்.ஆர். பெண்ணிடம், அந்தச் சுவரைப் பற்றிக் கடைசியில் யோசித்தீர்களே, தேங்க்ஸ் என்றேன். அவருக்கு எந்தச் சுவர் என்றே புரியவில்லை. "மொதல்ல ஷூவுக்குத்தான் மேடம் கொட்டேஷன் கேட்டோம். அந்த சைஸ்ல சேஃப்டி ஷூ வர்றதில்லையாம், அதான் ரூமையே மாத்திட்டோம்."

பதினாலு வரியைச் சிவப்பிலும் பச்சையிலும் எழுதிப் பார்த்தும் படிக்காதவர்கள், என் மகள் காலில் ஷூ இல்லை என்று யாரோ கறுப்பு மையில் எழுதிய ஒரே வரியை ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டார்கள்.